நான் மொழிபெயர்த்த ஒரு சொல்

குற்றாலத்துக்கு வெள்ளைக்காரர்கள் அதிகம் வருவதில்லை. வருகிற ஒன்றிரண்டு பேரும் அருவிக் கரையில் நிற்கும் கூட்டத்தைப் பார்த்ததும் வண்டியைத் திருப்பிக் கேரளாவுக்குப் போய்விடுவார்கள். தொழில் செய்யவென்று வந்து தங்கியவர் எனக்குத் தெரிந்து அதுவரை ஒருவர்தான். டென்மார்க்கிலிருந்து வந்த பெண், முப்பத்தைந்து வயதிருக்கும். முருங்கை இலைப் பொடி வாங்க வந்திருந்தார்.

நான் அப்போது ஒரு லாட்ஜ் வாசலில் நிறுத்தி வாடகைக் கார் ஓட்டிக்கொண்டிருந்தேன். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பம்பாயில் ஹோட்டல் மேசை துடைத்தேன். கோவாவில் கடற்கரைக் கடையில் மீன் கழுவினேன். மாலத்தீவில் பாத்திரம் தேய்த்தேன். எந்த ஊரிலும் இரண்டு வருடம் முழுதாக இருந்ததில்லை. போன இடங்களில் ஏச்சு வாங்கிக்கொண்டே இங்கிலீஷும் கொஞ்சம் பொறுக்கிக்கொண்டேன். எழுத வராது, பேச வரும். தென்காசியில் அதுவே பெரிய படிப்பாக எடுபட்டது.

அந்தப் பெண் கையில் ஒரு சின்னப் புத்தகம் வைத்திருந்தார். ஆசியாவில் தொழில் செய்யப் போகிறவர்கள் என்னென்ன கவனிக்க வேண்டும் என்று அவர்கள் ஊரில் அச்சடித்தது. கார் ஓடும்போது முன்சீட்டில் உட்கார்ந்து அதைப் படிப்பார். நடுவில் என்னிடம் கேட்பார். விசிட்டிங் கார்டை இரண்டு கையாலும் கொடுக்க வேண்டுமாமே? அது சீனாவாக இருக்கும் மேடம், இங்கே வலது கையால் கொடுத்தால் போதும் என்பேன். செருப்பை வாசலில் விட வேண்டுமா? ஆமாம். சாப்பாடு போட்டால் வேண்டாம் என்று சொல்லக்கூடாதா? கூடவே கூடாது. ஒவ்வொன்றுக்கும் பென்சிலால் ஒரு குறி போட்டுக்கொள்வார். எனக்குச் சிரிப்பாக வரும். ஆனால் அவர் விளையாட்டுக்கு வரவில்லை. பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு வந்திருந்தார். அவர் ஊரில் உள்ள கடைக்காரர்கள் சிலர் மாதாமாதம் பொடி வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்கள். ஒரு மாதம் தவறினாலும் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வோம் என்றும் சொல்லியிருந்தார்கள். இதை எனக்கு அவரே சொன்னார். சரியாக நடந்தால் இங்கே அவருடைய ஆளாக நான் இருக்கலாம் என்றும் சொன்னார். நிரந்தர வேலை. எனக்கு நாற்பத்திரண்டு வயது ஆகியிருந்தது. இன்னொரு ஊருக்குப் பெட்டி கட்ட உடம்பில் தெம்பு இல்லை.

கீழப்பாவூருக்குப் பக்கத்தில் எனக்குத் தெரிந்த ஒரு அண்ணாச்சி இருந்தார். சொந்தத் தோட்டத்தில் முருங்கை போட்டு, இலையை உருவி, கழுவி, தகரக் கூரைக்குக் கீழே வலையில் பரப்பி நிழலில் காயப்போட்டு, பொடித்து விற்பவர். பத்துப் பன்னிரண்டு பெண்கள் அங்கே வேலை பார்த்தார்கள். மாசி மாதம் ஒரு நாள் அந்த டென்மார்க் அம்மாவை அங்கே கூட்டிப்போனேன். அப்போது அடிக்கிற வெயிலுக்கு இலை ஒன்றரை நாளில் நொறுங்கும். அவர் ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் தேய்த்து, முகர்ந்து, அந்தப் பச்சையைப் போட்டோ எடுத்துக்கொண்டார்.

அண்ணாச்சி வீட்டில் சாப்பாடு. இலை போட்டு, ரசம் வரைக்கும். அந்த அம்மா கையால் பிசைந்து சாப்பிட்டதில் எல்லோருக்கும் சந்தோஷம்.

"நல்லாத்தான் சாப்பிடுதா. நம்மூர்ப் புள்ள மாதிரில்லா இருக்கு" என்றார் அண்ணாச்சி.

"ரசத்தை இலையில ஊத்தி ஓடவிடாம குடிச்சா பாருங்க, நம்ம டிரைவர் தம்பிக்கே அது வராது" என்றார் மதினி, அண்ணாச்சியின் மனைவி.

கை கழுவி உட்கார்ந்த பிறகுதான் அந்த அம்மா தொழில் பேசினார். இதே பச்சை, இதே காய்ச்சல், மாதாமாதம் வேண்டும். ஜூலையிலும் வேண்டும். ஜூலைதான் முக்கியம், அப்போதுதான் கடைக்காரர்கள் பெரிய சரக்கு எடுப்பார்கள். முடியுமா என்று கேட்கச் சொன்னார்.

நான் கேட்டேன். அண்ணாச்சி கழுத்தைத் தடவிக்கொண்டு மேற்கே மலைப்பக்கம் பார்த்தார். ஜூலை என்றால் ஆனியும் ஆடியும். குற்றாலத்தில் சாரல் விழும் காலம். கீழப்பாவூரில் மழை பெரிதாகப் பெய்யாது. ஆனால் வெயில் தலைகாட்டாது, காற்று முழுக்க ஈரமாக வரும். துவைத்த சட்டையே இரண்டு நாள் கொடியில் கிடக்கும்.

"பாத்துக்கிடலாம்" என்றார் அண்ணாச்சி.

அடுப்படியிலிருந்து மதினி குரல் வந்தது. "ஆடிக் காத்துல எல எப்படிங்க காயும்? கறுத்துல்லா போவும்."

"நீ சும்மா கெட. வீடு தேடி வந்த புள்ளகிட்ட, சாப்பிட்ட கை காயுமுன்ன இல்லன்னா சொல்ல?" என்று அண்ணாச்சி மெதுவாகச் சொன்னார்.

எங்கள் பக்கத்தில் பலசரக்குக் கடையில் உப்புத் தீர்ந்துபோனால் கடைக்காரர் இல்லை என்று சொல்லமாட்டார். நாளைக்கு வரும் என்பார். கேட்டவரும் புரிந்துகொண்டு அடுத்த கடைக்குப் போவார். அது பொய் என்று யாரும் நினைப்பதில்லை. அண்ணாச்சி சொன்ன பாத்துக்கிடலாம் அந்த வகை. முடியாது, ஆனால் உன் முகத்துக்கு நேரே அதைச் சொல்ல எனக்கு மனசில்லை, நீயே புரிந்துகொள் என்று அர்த்தம். இந்த மண்ணில் பிறந்த எவனுக்கும் அது தெரியும். எனக்கும் தெரியும்.

என்ன சொல்கிறார் என்று அந்த அம்மா கேட்டார்.

"அவர் பார்த்துக்கொள்வார்" என்று இங்கிலீஷில் சொன்னேன். சொல்லுக்குச் சொல் வைத்துப் பார்த்தால் தப்பே கிடையாது. உள்ளே மதினி என்ன சொன்னார் என்றும் கேட்டார். காப்பி போடட்டுமா என்று கேட்கிறார் என்றேன்.

"அப்படியென்றால் நோ ப்ராப்ளம்?"

"நோ ப்ராப்ளம்."

அவர் எழுந்து அண்ணாச்சிக்குக் கை கொடுத்தார். அண்ணாச்சி கூச்சத்தோடு கையைக் கொடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். விஷயத்தை நான் காரில் போகும்போது பக்குவமாக எடுத்துச் சொல்லிவிடுவேன் என்று நம்பியிருந்தாராம். பிறகுதான் தெரிந்தது. இடையில் ஒரு ஆளை வைத்துப் பேசுவதே அதற்காகத்தானே. காரில் அந்த அம்மா ஊருக்குப் போன் செய்து சந்தோஷமாகப் பேசிக்கொண்டு வந்தார். பாவூர்சத்திரம் தாண்டும்போது சொல்லலாம் என்று நினைத்தேன். தென்காசி வந்ததும் சொல்லலாம் என்று நினைத்தேன். வேலை கிடைத்துவிட்டது என்ற நினைப்பில் சொல்லாமலே வண்டியை ஓட்டினேன்.

பங்குனி, சித்திரை, வைகாசி மூன்று மாதமும் சரக்கு நன்றாகப் போனது. ஆனி பிறந்ததும் வானம் மூடிக்கொண்டது. சரக்கு வேண்டும் என்று நான் போய் நின்றபோது அண்ணாச்சிக்குக் கோபம் வரவில்லை. நாம்தான் தெளிவாகச் சொல்லாமல் விட்டுவிட்டோம் என்று நினைத்துக்கொண்டார். வீட்டுக்குள் கட்டிலை எல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு அறை அறையாக வலை கட்டினார். வாடகைக்கு மின்விசிறி எடுத்து இரவும் பகலும் ஓடவிட்டார். மதினியும் வேலைக்கு வரும் பெண்களும் மணிக்கொரு தரம் இலையைப் புரட்டிவிட்டார்கள். இலை காயவில்லை. முதலில் வதங்கியது. பிறகு ஓரம் பழுத்து, நடு கறுத்தது. மூன்றாம் நாள் ஊறல் வாடை அடித்தது. கறுத்ததோடு பழைய சரக்கைக் கொஞ்சம் கலந்து அனுப்பலாமே என்று நான் கேட்டேன். இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

"திங்கிற பொருள்லடே" என்றார் அண்ணாச்சி.

சரக்கு போகவில்லை என்றதும் அந்த அம்மா டென்மார்க்கிலிருந்து நேரிலேயே வந்துவிட்டார். வீட்டுக்குள் வந்து கறுத்த இலையைத் தொட்டுப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

"முடியும் என்று சொன்னீர்களே என்று கேள்" என்றார் என்னிடம்.

கேட்டேன்.

"நான் எங்க முடியும்னு சொன்னேன்? பாத்துக்கிடலாம்னுதான சொன்னேன். ஒனக்குத் தெரியும்லா" என்றார் அண்ணாச்சி. "எடுத்துச் சொல்லுடே, அந்தப் புள்ள மொகத்தப் பாக்க முடியல."

அந்த இடத்தில் எனக்கு இரண்டாவது வாய்ப்புக் கிடைத்தது. இருவரும் என் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நடந்ததை அப்படியே இங்கிலீஷில் சொல்லியிருந்தால் பழி என்மேல் விழுந்திருக்கும், அவ்வளவுதான்.

"அவர் மன்னிப்புக் கேட்கிறார்" என்றேன்.

அந்த அம்மா சத்தம் போடவில்லை. கோபப்படக்கூடாது என்று அவருடைய புத்தகத்திலும் இருந்தது. எங்கள் ஊரில் வாக்கு என்றால் வாக்கு, இவரை நம்பித்தான் கடைக்காரர்களுக்கு வாக்குக் கொடுத்தேன், இதை அவரிடம் சொல் என்றார்.

"என்னடே சொல்லுதா?"

"வருத்தமா இருக்காம் அண்ணாச்சி."

"இருக்கத்தான செய்யும்" என்று சொல்லி அண்ணாச்சி அவரைப் பார்த்துக் கும்பிட்டார். மதினி கொண்டுவந்த காப்பியை அந்த அம்மா வாங்கவில்லை. மதினி தம்ளரோடு அப்படியே நின்றுகொண்டிருந்தார். நாங்கள் கார் கதவைச் சாத்தும்வரை உள்ளே போகவில்லை.

திருவனந்தபுரத்தில் அவருக்கு விமானம். அன்றைக்குப் பின்சீட்டில் உட்கார்ந்தார். செங்கோட்டையில் டீக்கடை ஓரம் நிறுத்தினேன். அந்த அம்மா அவர் ஊர்க் கடைக்காரர் ஒருவரிடம் போனில் கெஞ்சிக்கொண்டிருந்தார். அந்த மொழி எனக்குத் தெரியாது. கெஞ்சுவது எந்த மொழியிலும் தெரியும். பேசி முடித்துவிட்டு, சாரலில் நனைந்த கண்ணாடியைப் பார்த்தபடி சொன்னார்: முடியாது என்றால் முடியாது என்று மனிதர்கள் சொல்லிவிட வேண்டும்.

"ஆமாம் மேடம்" என்றேன். வண்டியை எடுத்தேன்.

பிறகும் சிலரை நான் இப்படிக் கூட்டிப்போயிருக்கிறேன். பெங்களூரில் இருக்கும் ஒரு கம்பெனிக்காக ஒரு ஜெர்மன்காரர் வந்தார், இங்கிலாந்திலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். அவர்களுக்கு நான் சொல்வது கொஞ்சம்தான். முடியுமா என்று கேட்காதீர்கள், எப்படிச் செய்வீர்கள் என்று கேளுங்கள். வழி இருந்தால் சொல்வார்கள், இல்லையென்றால் பேச்சு நிற்கும், அந்த இடத்தில்தான் பதில் இருக்கிறது. சாப்பிட்ட உடனே கேட்காதீர்கள், தோட்டத்தில் நிற்கும்போது கேளுங்கள். உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தால் அது என்ன என்று விடாமல் கேளுங்கள். காரியம் நடந்தாலும் நடக்காவிட்டாலும் லாபமோ நஷ்டமோ இல்லாத ஆளை மொழிபெயர்க்க வையுங்கள். இதைச் சொல்லும்போது அவர்கள் தலையாட்டுவார்கள். நான் யாரைச் சொல்கிறேன் என்று அவர்களுக்குத் தெரியாது.

போன தை மாதம் அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன். அதுவரை ஆறு மாதம் அந்தப் பக்கமே போகாமல், அந்த வழியாகப் போகும் ஆலங்குளம் சவாரி வந்தால்கூட வேறு ஆளுக்குத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தேன். அண்ணாச்சி உட்காரச் சொன்னார். உள்ளூர் வியாபாரிக்கு மட்டும் இப்போது இலை போடுவதாகவும், வேலைக்கு நான்கு பெண்கள்தான் வருவதாகவும் சொன்னார்.

"அந்தப் புள்ள என்னைய பொய்யன்னுதான நெனச்சிட்டுப் போயிருப்பா?" என்றார்.

இல்லை என்று சொல்ல வாய் எடுத்தேன். மதினி நிலைப்படியில் நின்றார்.

"ஏன் தம்பி, அன்னைக்கு நான் சொன்னது ஒங்களுக்குக் கேட்டுதா, கேக்கலையா?"

"கேட்டுது மதினி."

"அவகிட்ட சொன்னீங்களா?"

"சொல்லல." பிறகு மிச்சத்தையும் சொன்னேன். காப்பி என்று சொன்னது, நோ ப்ராப்ளம், மன்னிப்பு, எல்லாம். எனக்கு வேலை கிடைக்கும் என்று இருந்ததையும் சொன்னேன். சொல்லச் சொல்ல அது சின்ன விஷயம் மாதிரித் தெரிந்தது. அதுதான் தாங்கவில்லை.

அண்ணாச்சி என்னை ஏசியிருக்கலாம். ஏசவில்லை. மேல்துண்டை எடுத்து மடித்து மறுபடியும் தோளில் போட்டார்.

"அவ நம்பர் வச்சிருக்கியா?"

"இருக்கு அண்ணாச்சி. நான் வேணா இப்பவே போட்டுப் பேசுதேன்."

"நீ பேசாண்டாம்" என்றார்.

அவருடைய மருமகள் பாவூர்சத்திரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் டீச்சர். அவரைக் கூப்பிட்டார். நான் நம்பரை வாசித்தேன், அவர் தன் போனில் குறித்துக்கொண்டார். பிறகு அண்ணாச்சி, "நீ செத்த நேரம் வெளிய இரு" என்றார்.

முற்றத்தில் காரில் சாய்ந்து நின்றேன். சன்னல் வழியாக அண்ணாச்சி ஒவ்வொரு வாக்கியமாகச் சொல்வதும், மருமகள் அதைப் போனில் இங்கிலீஷில் தட்டி, தமிழில் திருப்பிச் சொல்லிவிட்டு "சரியா மாமா?" என்று கேட்பதும் கேட்டது. ஒரு இடத்தில் மருமகள் தடுமாறினார். பாத்துக்கிடலாம் என்பதை எப்படிப் போடுவது என்று கேட்டார்.

"முடியாதுன்னே போடு" என்றார் அண்ணாச்சி.

அந்த அம்மா பதில் போட்டாரா என்று எனக்குத் தெரியாது. கேட்கும் இடத்தில் நான் இல்லை.