ஆத்மாவுக்குப் பாடுகிறவள்

ஊரில் என்னை இப்போது அப்படித்தான் சொல்கிறார்கள். "ஆத்மாவுக்குப் பாடறவங்க." காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. சாவு வீட்டுப் பாட்டுக்காரி என்று முகத்துக்கு நேராகச் சொல்ல வாய் வராதவர்கள் கண்டுபிடித்த மரியாதை அது. கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

நான் ஆர்கெஸ்ட்ராவில் பாடுகிறவள். பள்ளிப்பட்டுப் பக்கம் தறி ஓட்டும் வீட்டில் பிறந்து, திருத்தணியில் வாக்கப்பட்டேன். பிறந்த வீட்டில் தெலுங்கு, தெருவில் தமிழ், இரண்டிலும் பாடுவேன். எனக்குக் கட்டைக் குரல். கீச்சுக் குரலில் பாடினால்தான் பொம்பளை பாடுகிறாள் என்று நினைப்பவர்களுக்கு என்னைப் பிடிக்காது. பிடிக்காவிட்டால் போகட்டும். ஆடிக் கிருத்திகைக்கு மலையடிவாரத்தில் எங்கள் தெருக்காரர்கள் ஒரு மேடை போடுவார்கள். அங்கே முதல் பாட்டு என்னுடையது. ஆந்திரப் பக்கத்திலிருந்து காவடி தூக்கி வருகிறவர்கள் அந்தப் பாட்டுக்கு நின்று, ஒரு ஆட்டம் போட்டுவிட்டுத்தான் படியேறுவார்கள். கல்யாணக் கச்சேரிகளில் என்னை எந்த மூலையில் நிறுத்தினாலும் நின்றிருக்கிறேன். அந்த ஒரு காலைவேளையை மட்டும் பதினாறு வருடம் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

போன வருடம் பங்குனியில் என் நைனா செத்துப்போனார். எல்லோரும் அழுதார்கள். எனக்கு அழுகை வரவில்லை, பாட்டுத்தான் வந்தது. தலைமாட்டில் உட்கார்ந்து, அவர் டீக்குச் சண்டை போட்டதையும், என் முதல் கச்சேரிக்கு டி.வி.எஸ். பிப்டியில் பின்னால் உட்காரவைத்துக் கொண்டுபோய் விட்டதையும் பாதித் தமிழிலும் பாதித் தெலுங்கிலும் பாடினேன். பெற்றவனுக்குப் பெண் பாடினாள், அவ்வளவுதான். அதை எவனோ போனில் பிடித்து ஊர் முழுக்க அனுப்பிவிட்டான்.

அப்புறம் போன் ஓயவில்லை. எல்லாம் சாவு வீடுகள். "நீங்க வந்து பாடினாத்தாம்மா ஆத்மா அடங்கும்" என்று அழுகிறவர்களிடம் எப்படி முடியாது என்பது? போனேன். திருவாலங்காடு, அம்மையார்குப்பம் என்று ஐஸ் பெட்டி இருந்த இடமெல்லாம் போய்ப் பாடினேன்.

ஆடிக்கு ஒரு வாரம் இருக்கும்போது விழாக் குழுத் தலைவர் வீட்டுக்கு வந்தார். எங்கள் தெருக்காரர்தான், அண்ணா என்றுதான் கூப்பிடுவேன்.

"இந்த வருசம் வேணாம்மா. சாவு நடந்த வீடு. ஒரு வருசம் மலை ஏறக்கூடாது, உனக்குத் தெரியாததா?"

"அண்ணா, நான் கட்டிக்கொடுத்த பொண்ணு. பொறந்த வீட்டுச் சாவுக்கு எனக்கு மூணு நாள்தான் தீட்டு. ஒரு வருசம்லாம் எங்க அண்ணன் தம்பிங்களுக்கு. அதுவுமில்லாம, மேடை கீழதானே கீது?"

"எதுக்கும்மா வம்பு? சாமி காரியம்."

சாமி காரியம் என்கிறாரே. சரியென்று விட்டேன். அந்தக் கிருத்திகையன்று கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மேடையில் எவளோ பாடினாள். நல்லாவே பாடினாள், பாவம், அவளைக் குறை சொல்லி என்ன?

வருடம் முடிந்தது. இந்த வைகாசியில் நானே போய்க் கேட்டேன். அப்போதுதான் உள்ளே இருந்தது வெளியே வந்தது.

"தப்பா எடுத்துக்காத. உன் கொரல கேட்டா ஜனங்களுக்குப் பொணம்தான் ஞாபகம் வருதாம். நல்ல நாளும் அதுவுமா முகம் சுளிக்கிறாங்க."

"எந்த ஜனங்கண்ணா?"

"எல்லாரும்தான்."

எல்லாரும் என்றால் அவர்தான். என்னைக் கூப்பிட்டு அழவைத்துக்கொண்ட அத்தனை வீடுகளும் எனக்கு நினைவு வந்தன. அவர்கள் துக்கத்தை என் தொண்டையில் இறக்கிவைத்துவிட்டு, இப்போது தொண்டையே ஆகாதாம்!  செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஆனியில் அவர் அம்மா செத்துப்போனாள். காலை பத்து மணிக்கு மனுஷன் என் வாசலில் நிற்கிறார், கண்ணெல்லாம் சிவந்து.

"நீதான் வந்து பாடணும். எங்கம்மா உன் வீடியோவைப் பார்த்துகினு, எனக்கும் இவளே பாடணும்னு சொல்லிகினே இருந்தாங்க."

"ஆடிக்கு முதல் பாட்டு யாருது?"

"இப்பப் போயி அதைக் கேக்கிறியேம்மா!"

"ஆங், இப்பத்தான் கேப்பேன். அப்புறம் கேட்டா நீங்க எங்க இருப்பீங்களோ?"

"உனுக்குத்தான். எங்கம்மா மேல சத்தியம்."

நான் ஒரு பைத்தியக்காரி! அம்மா மேல் சத்தியம் என்றதும் நம்பிவிட்டேன். பொய்ச் சத்தியம் செய்தால் அம்மாவுக்கு ஆகாது என்றுதானே அதைக் கேட்டு ஊரெல்லாம் நம்புகிறது? அந்த அம்மாதான் ஐஸ் பெட்டியில் படுத்திருக்கிறாளே, அவளுக்கு இனிமேல் என்ன ஆகப்போகிறது? இது எனக்கு அன்றைக்கு உறைக்கவேயில்லை. போய், பாடை கட்டித் தூக்குகிறவரை தண்ணீர்கூடக் குடிக்காமல் பாடினேன். அவர் என் காலடியில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதார்.

ஆடிக் கிருத்திகைக்கு என்னை யாரும் கூப்பிடவில்லை. மஞ்சள் புடவை கட்டிக்கொண்டு நானே போனேன். மேடையில் போன வருடம் பாடிய அதே பெண் பாடத் தயாராக நின்றாள். பக்கத்தில் நம்ம தலைவர், மொட்டைத் தலையில் ஒரு விரற்கடை முடி முளைத்திருக்க, கையில் மைக்கோடு பக்தகோடிகளை வரவேற்றுக்கொண்டிருந்தார். பெற்ற தாய்க்குக் கொள்ளி வைத்த மகன்!

மேடைப் படியில் ஏறி அவர் பக்கத்தில் போய் நின்றேன். அவர் மைக்கைத் தன் வாயிலிருந்து விலக்கிக்கொண்டு, "இன்னாம்மா இது, நல்ல நேரத்துல, கீழ எறங்கு" என்றார்.

"அண்ணா, உங்க அம்மாவ எடுத்து ஒரு மாசம்தானே ஆச்சு. உங்களுக்கு மட்டும் ஒரு வருசம் கிடையாதா?"

சாதாரணமாகத்தான் கேட்டேன். என் குரலுக்கு எது சாதாரணம்? விலக்கிய மைக் என் வாய்க்கு நேராக இருந்திருக்கிறது. கூம்பு ஸ்பீக்கர் ஒவ்வொன்றிலும், பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் அது போனது. படியை நோக்கிப் போன காவடிகள் நின்றன. எல்லோரும் மேடையைப் பார்த்தார்கள். அவர் மைக்கைக் கையால் பொத்தினார், அதற்குள் எல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டிருந்தது. கீழே ஒரு பெரியவர், "கேக்கிறது ஞாயம்தானே, எறங்குய்யா" என்று கத்தினார்.

அவர் இறங்கிப் போனார். நான் மேலேயே நின்றேன். கீபோர்டுக்காரர் என் முகத்தையும் அந்தப் பெண்ணின் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, முதல் பாட்டுக்கு, என் கட்டைக் குரலுக்கு எட்டாத அவள் சுருதியையே பிடித்தார்.