எர்த் கேபிளுக்கு அடியில்

சிங்கப்பூரில் என்ன குளிர் என்று நீங்கள் கேட்கலாம். டீசல் எஞ்சின்களோடு காலம் தள்ளுகிறவர்கள், இரவெல்லாம் சும்மா நின்ற எஞ்சினைக் குளிர்ந்த எஞ்சின் என்றுதான் சொல்வார்கள். அப்பாவின் வாயில் அந்தச் சொல்லைக் கேட்டுவிட்டு, நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு, அப்பா வேலை பார்க்கும் கிராஞ்சிக்குக் கிளம்பினேன். அம்மாவுக்கு அன்று மருத்துவமனையில் காலை ஷிப்ட். செங்காங் வீட்டில் சின்னப் பெண்ணான என்னைத் தனியே விட முடியாமல்தான் அப்பா லாரியில் ஏற்றிக்கொண்டார். நானோ ஏதோ பெரிய வேலைக்குப் போகிற நினைப்பில் போனேன்.

அப்பா ஒரு கட்டுமான நிறுவனத்தில் இயந்திரங்களுக்கெல்லாம் மேற்பார்வையாளர். அவருடைய தம்பி, அதாவது என் சித்தப்பா, ஊரிலிருந்து வேலை பெர்மிட்டில் வந்து அங்கேயே மண் தோண்டும் எக்ஸ்கவேட்டர் ஓட்டினார். ஆயுத பூஜை முடிந்ததிலிருந்து அந்த எக்ஸ்கவேட்டர் காலையில் அடம்பிடித்தது. சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். லாரியைப் பக்கத்தில் நிறுத்தி அதன் பேட்டரியிலிருந்து ஜம்பர் கேபிள் கொடுத்தால் உடனே கிளம்பிவிடும், பிறகு சாயங்காலம் வரை ஒரு குறையும் இருக்காது. மதியம் மெக்கானிக் வந்தால், டாக்டரைக் கண்டதும் காய்ச்சல் இறங்கிவிடுகிற பிள்ளை மாதிரி சமர்த்தாக நிற்கும்.

முதலாளி சீனர். ஆயுத பூஜைக்குக் கைகூப்பி நின்று ஆரஞ்சுப் பழமெல்லாம் வைப்பார், ஆனால் பொறுமைசாலி என்று அவரை யாரும் சொன்னதில்லை. சித்தப்பா விளக்கை அணைக்காமல் போவதால்தான் பேட்டரி இறங்குகிறது என்று முடிவு கட்டிவிட்டார். புது பேட்டரி போட்டும் அதே கதை. ஞாயிறு காலை நானே வருவேன், யார் தவறு என்று அப்போது தெரிய வேண்டும், தவறு செய்தவருக்கு இங்கே இனி வேலை இல்லை என்று சொல்லியிருந்தார். வேலை போனால் சித்தப்பாவின் பெர்மிட்டும் போகும், ஊருக்கு விமானம் ஏற வேண்டியதுதான். இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது. அன்று நான் அறிந்தது, வண்டி கெட்டிருக்கிறது, அப்பா சரிசெய்யப் போகிறார், அவ்வளவே.

“சாவியத் தொடல இல்ல?” என்றார் அப்பா, லாரியிலிருந்து இறங்கியதும் இறங்காததுமாக.

“தொடலண்ணே. நேத்து நிறுத்துனது அப்படியே நிக்குது. லைட்ட அணைச்சுட்டுத்தான் போனேன், சத்தியமா.”

“எனக்குத் தெரியாதாடா?”

சித்தப்பா ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். ‘டக்’. அப்பா வோல்ட் அளக்கும் மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகடிவிலும் மறுமுனையை எஞ்சின் உடம்பிலும் வைத்து, மறுபடி திருப்பச் சொன்னார். அசையாமல் இருக்க வேண்டிய எண் ஒரே தாவாகத் தாவியது. அப்பா சிரித்தார். பல நாள் கழித்துச் சிரித்தார், பாவம்.

“பேட்டரி நல்லாத்தான் இருக்கு. கரண்ட் திரும்பி வர்ற வழிதான் அடைச்சிருக்கு. சூடான எஞ்சின் லேசா சுத்திடும், கொஞ்சம் கரண்ட் போதும். காலையில நிறைய கேக்கும்லா, அப்ப மாட்டிக்குது. ஜம்பர எஞ்சின் மேல கடிக்க விடுறோம்ல, அதான் உடனே எடுக்குது.”

பேட்டரியின் நெகடிவை எஞ்சின் உடம்போடு இணைக்கும் எர்த் கேபிளின் போல்ட்டைக் கழற்றினார். கேபிள் உட்கார்ந்திருந்த இடத்தில் இரும்பு தெரியவில்லை. பளபளவென்று மஞ்சள் பெயிண்ட்.

“அப்பா, நீங்க அடிச்ச பெயிண்ட்!” என்று கத்தினேன். எனக்கு அவ்வளவு பெருமை. ஆயுத பூஜைக்கு முன்னால் வண்டிகளைக் கழுவிப் புதுசாக்கியபோது நானும் அங்கே இருந்தேனே! கேபிள்மேல் பட்டால் அசிங்கமாக இருக்கும் என்று அதைக் கழற்றிவிட்டு, அப்பாதான் அந்த இடத்துக்கும் அழகாகப் பெயிண்ட் அடித்துக் காயவைத்து, மறுபடி மாட்டினார். அதற்குப் பக்கத்தில் சந்தனப் பொட்டு வைத்தது நான். பெயிண்ட் கரண்டை விடாது என்று அப்பாவுக்குத் தெரியாதா என்ன? பூஜை அவசரத்தில் யாருக்கு அதெல்லாம் தோன்றும்!

இரண்டு பேரும் என்னைப் பார்க்கவில்லை. அப்பா ஸ்பேனரைப் பிடித்தபடி அப்படியே நின்றார். சித்தப்பா இறங்கி வந்து குனிந்து பார்த்தார், பிறகு அப்பாவின் பெட்டியிலிருந்து கம்பி பிரஷை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தார்.

“டேய், இரு. அவர் வந்து பாக்கட்டும்.”

“என்னத்தப் பாக்கறது? தள்ளுங்கண்ணே.”

மஞ்சள் பொடிப்பொடியாக உதிர்ந்து வெள்ளை இரும்பு தெரியும்வரை தேய்த்தார். உதிர்ந்ததைத் துணியால் துடைத்து அந்தத் துணியைத் தன் பைக்குள் வைத்துக்கொண்டார். எவ்வளவு சுத்தமான மனுஷர் என்று நினைத்தேன். கேபிளை மாட்டி, சாவியைத் திருப்பியதும் ஒரே உறுமலில் எஞ்சின் எழுந்தது. நான் கைதட்டிக் குதித்தேன். அந்தச் சத்தத்தில்தான் முதலாளியின் கார் உள்ளே வந்தது.

“வாட் ப்ராப்ளம்?” என்றார் அவர்.

அப்பா வாயைத் திறந்தார். நான் பார்த்தேன், திறக்கத்தான் செய்தார்.

“கனெக்‌ஷன் லூஸ், பாஸ். ஐ நெவர் செக். மை மிஸ்டேக்,” என்றார் சித்தப்பா முந்திக்கொண்டு.

முதலாளி அப்பாவைப் பார்த்து, “ட்ரூ ஆ?” என்று கேட்டார். அப்பா எஞ்சினையே பார்த்துக்கொண்டிருந்தார். உண்மையைச் சொல்ல நான் ஓரடி முன்னால் வைத்தேன். சித்தப்பா என் தோளைப் பிடித்து அழுத்தினார். வலித்தது. சரி, வகுப்பில் ஒருத்திக்காக இன்னொருத்தி திட்டு வாங்கிக்கொள்வது மாதிரி இதுவும் ஒன்று, மணியடித்தால் முடிந்துவிடும் என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

அடுத்த வாரம் தேக்கா கடைத்தெருவில் சித்தப்பாவுக்குப் பேண்ட், சட்டை, பெரிய பெட்டி எல்லாம் எடுத்தோம். சிராங்கூன் சாலை முழுக்கத் தீபாவளி விளக்கு. சித்தப்பா தீபாவளிக்கு ஊருக்குப் போகிறார் என்று அம்மா சொன்னாள்.

“தீபாவளி முடிஞ்சதும் வந்துடுவீங்கதானே, சித்தப்பா?”

“வராம எங்க போவேன்?” என்றார்.

விமான நிலையத்தில் வாசலிலேயே எங்களை இறக்கிவிட்டு, பார்க்கிங் கிடைக்காது, நீங்கள் போங்கள் என்று அப்பா லாரியைக் கிளப்பிவிட்டார். சித்தப்பா உள்ளே போகாமல் வெகுநேரம் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்பா வரவில்லை. அம்மாதான், “போங்க தம்பி, நேரமாச்சு,” என்று முகத்தைத் துடைத்துக்கொண்டு அனுப்பினாள்.

நாங்கள் கார் பார்க்குக்கு வந்தபோது அங்கே பாதி இடம் காலியாகக் கிடந்தது. அப்பா ஒரு மூலையில் எஞ்சினை நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்திருந்தார்.

“பார்க்கிங் கிடைச்சிருச்சாப்பா?” என்றேன்.

“இப்பத்தான் கிடைச்சுது,” என்றார்.

கொஞ்சம் முன்னாலேயே கிடைத்திருந்தால் சித்தப்பாவைப் பார்த்திருக்கலாமே என்று, அப்பாவுக்காக எனக்கு வருத்தமாக இருந்தது.