ஏழு ஊமைக் கட்டைகள்

எங்கள் ஊர்ப் பஞ்சாலைக் கூலியின் மகன் லான்சோ க்ரட்ச்ஃபீல்டின் ராக் அண்ட் ரோல் பாட்டு நாடெங்கும் ரேடியோவில் அலறிய காலம். அமெரிக்காவின் ஆர்கன்சாவில் உள்ள எங்கள் சபையில் பாஸ்டர் டிப்ஸ் மூன்று ஞாயிறு தொடர்ந்து அவனைத் திட்டித் தீர்த்தார். பியானோவில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு விரலைச் சர்ரென்று இழுப்பானே, அது சாத்தானின் வேலையாம். எனக்குச் சிரிப்பு வந்தது. மனைவி விலாவில் இடித்தாள்.

நான்காம் ஞாயிறு லான்சோவே புதுக் காரில் வந்து இறங்கினான். ஆராதனை முடிந்து மீன் வறுவலுக்கு உட்கார்ந்ததும் பாஸ்டர் அவனைப் பிடித்துக்கொண்டார்.

“எங்கடா கத்துக்கிட்ட அந்தப் பேயாட்டத்த?”

“இங்கதான் பாஸ்டர். பன்னெண்டு வயசுலேர்ந்து உங்க பியானோவத்தான வாசிச்சேன்? அதுல ஏழு கட்ட ஊமை. ரிப்பேர் பண்ணுங்கன்னு வருஷா வருஷம் கெஞ்சினேன், நீங்க காதுலயே போட்டுக்கல. அதுல விரல் நின்னா சத்தம் வராம குட்டு ஒடஞ்சிரும்னு இழுத்துக்கிட்டே ஓடினேன். அதுக்குத்தான் இப்ப ஊரே கைதட்டுது.”

சபையே வயிறு வலிக்கச் சிரித்தது. பாஸ்டர் மட்டும் தட்டிலிருந்த மீனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுவாரம், பியானோவைச் சரிசெய்ய லான்சோ அனுப்பிய ஆள் கருவிப் பையோடு வந்தான். பாஸ்டர் வாசலிலேயே மறித்தார்.

“லான்சோ பாட்டு பொறந்த எடம்டா இது. அந்த ஏழு கட்டையத் தொட்டே, கைய ஒடிச்சிருவேன்!”