மாமா வைத்த தென்னை மரம்

எங்கள் கல்வி வலயத்துச் சித்திர ஆசிரியர்கள் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறோம். புதிதாக நியமனம் கிடைத்து ஏதாவது தேயிலைத் தோட்டப் பாடசாலைக்குப் போய்ச் சேருகிறவர்கள் அதில் கேட்கிற முதல் கேள்வி, "அக்கா, இங்க பெயின்டும் இல்ல, பிரஷ்ஷும் இல்ல, என்னத்த சொல்லிக்குடுக்குறது?" என்பதுதான். தேயிலைச் சக்கையை வற்றக் காய்ச்சினால் நல்ல கபில நிறம் வரும், மஞ்சளும் பீட்ரூட்டும் எந்த வீட்டிலும் இருக்கும், குச்சி நுனியைக் கடித்து நார் நாராக ஆக்கினால் அதுவே பிரஷ் என்று எழுதி அனுப்புவேன். அதெல்லாம் சுலபம். கஷ்டமான அறிவுரை ஒன்று உண்டு: பிள்ளையின் தாளில் உங்கள் கை படக்கூடாது. உடனே யாராவது ஒருவர், "லேசாத் திருத்தினா என்ன ஆகிறப் போகுது?" என்று வருவார். அவருக்காக என் மாமாவை இழுக்க வேண்டியிருக்கும்.

லுணுகலைக்கு மேலே ஒரு தோட்டத்தில் நான் ஆறாம் வகுப்புப் படித்தபோது யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு சித்திர மிஸ் வந்தார். வந்த அன்று எல்லோரையும் ஒரு படம் வரையச் சொன்னார். வகுப்பு முழுக்க ஒரே படம்! இரண்டு மலை, நடுவே சிரிக்கிற சூரியன், கீழே ஆறு, ஆற்றங்கரையில் ஒரு குடிசை, பக்கத்தில் தென்னை மரம். ஜன்னலைத் திறந்தால் மலை வந்து மூக்கில் இடிக்கிற ஊர் எங்களுடையது. அந்த மலையை ஒருத்தரும் வரையவில்லை. தென்னையையோ நாங்கள் பதுளைக்குப் போகிற பஸ்ஸிலிருந்துதான் பார்த்திருந்தோம். மிஸ் எல்லாத் தாளையும் மேசையில் பரப்பி வைத்துத் தென்னை மரங்களை ஒவ்வொன்றாக எண்ணினார்.

அடுத்த பாடத்துக்கு ஆளுக்கொரு அட்டை கொடுத்தார். நடுவில் சதுரமாக ஓட்டை வெட்டிய அட்டை. அதைக் கண்முன் பிடித்து, ஓட்டைக்குள் தெரிவதை மட்டும் வரைய வேண்டும். எனக்குப் பாடசாலைக்குப் பின்னாலிருந்த ஏழாம் நம்பர் மலை கிடைத்தது. அப்போதுதான் அதைக் கவ்வாத்து வெட்டியிருந்தார்கள். தேயிலைச் செடிகளை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிடுகிற வேலை அது. வெட்டி முடித்தால் மலையில் ஒரு இலை மிஞ்சாது, வெறும் குச்சிதான். நான் அதைத் தேயிலைச் சாயத்தாலேயே வரைந்தேன். மிஸ் பார்த்துவிட்டு, "பிள்ளை, இதைப் பதுளைப் போட்டிக்கு அனுப்புவம்" என்றார். ஒரு பாடசாலைக்கு ஒரு படம்தான். முதற்பரிசு தண்ணீர்ச் சாயப் பெட்டி. அந்த வயதில் நான் சாமியிடம் கேட்டதெல்லாம் அந்தப் பெட்டி ஒன்றைத்தான்.

மழைக்காலமாகையால் படம் காயவில்லை. வீட்டுக்குக் கொண்டுபோய் அடுப்புப் பக்கம் காயவைத்துத் திங்களன்று கொண்டுவா என்றார் மிஸ். அங்கேதான் வினை.

மாமா, அம்மாவின் தம்பி, எங்களோடுதான் லயத்தில், தோட்டத்து வரிசை வீட்டில், இருந்தார். கவ்வாத்து வெட்டுகிற ஆள். என்மேல் அவருக்கு உயிர். அடுப்புக்கு மேலே தொங்கிய தாளைப் பார்த்ததும், "என்னாடி இது, காஞ்ச மொளகாத் தோட்டமா?" என்றார்.

"ஏழாம் நம்பர் மலை மாமா. போட்டிக்குப் போகுது."

"அட கொடுமையே! நானே மொட்டையடிச்ச மலைய நீ வேற பதுள வரைக்கும் கொண்டுபோய்க் காட்டணுமா? பச்சையே இல்லாத தேயிலைக்கு எவன் பரிசு குடுப்பான்?"

சொன்னவர் சும்மா இருந்தாரா? கோயில் கதவுக்கு அடித்து மிஞ்சிய பச்சைப் பெயின்டைக் கொண்டுவந்தார். என் குச்சிகளெல்லாம் தளதளவென்று துளிர்த்தன. துணிக்குப் போடுகிற நீலத்தில் ஓர் ஆறு ஓடியது. மஞ்சளில் சூரியன் சிரித்தது. கடைசியாக ஒரு தென்னை மரத்தையும் நட்டு, அதில் குலை குலையாகக் காயும் வைத்தார். அம்மா எட்டிப் பார்த்து, "இப்பதான் படம் மாதிரி இருக்கு" என்றாள். எனக்கோ கால் தரையில் நிற்கவில்லை. சாயப் பெட்டி கைக்கு வந்துவிட்ட மாதிரிதான்.

திங்களன்று மிஸ் தாளை வாங்கினார். பெயின்டின் எண்ணெய் ஊறித் தாள் அப்பளம் மாதிரி ஆகியிருந்தது.

"இதை ஆர் கீறினது?" யாழ்ப்பாணத்தாருக்கு வரைவது என்றால் கீறுவதுதான்.

"நான்தான் மிஸ்."

"அப்ப இந்தத் தென்னை மரம் எந்த மலையில நிக்குது?"

"அது மாமா வச்சது மிஸ்" என்று அழுதேன்.

மிஸ் ஏசவில்லை. "நாளைக்கு மாமாவை வரச் சொல்லுங்கோ" என்றார். அவ்வளவுதான்.

வீட்டில் அம்மா, மாமாவைப் பிடிபிடி என்று பிடித்தாள். மாமா மறுநாள் அரை நாள் பேர்க் கூலியை விட்டுவிட்டு, திருவிழாச் சட்டையைப் போட்டு, தலையில் எண்ணெய் வழிய வந்து நின்றார். ஐந்தாம் வகுப்போடு பாடசாலையை விட்டவர். வாசற்படியிலேயே செருப்பைக் கழற்றி வைத்தார். மிஸ் அவரை எங்கள் பெஞ்சிலேயே உட்காரவைத்தார். மடித்த முழங்கால் நாடியில் இடித்தது. முன்னால் ஒரு வெள்ளைத்தாள், ஓட்டை வெட்டிய அட்டை, ஒரு சிரட்டையில் தேயிலைச் சாயம்.

"நீங்கள் வெட்டின மலைதானே அங்க தெரியுது. அதைக் கீறுங்கோ."

"எனக்கு அதெல்லாம் வராதுங்க மிஸ்."

"வராட்டிப் பரவாயில்லை. பிள்ளையும் பக்கத்தில இருந்து திரும்பக் கீறட்டும். ஆனா ஒராளின்ர தாளை மற்ற ஆள் தொடக்கூடாது."

சொல்லிவிட்டு மிஸ் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வேறு வேலை பார்க்கப் போய்விட்டார். இன்று என் வகுப்பில் நானும் அப்படித்தான் போய்விடுகிறேன். தலைக்கு மேல் ஆள் நின்றால் யாருக்கும் கை ஓடாது.

மாமா முதலில் இரண்டு மலை போட்டார். நடுவில் சூரியனுக்கு வட்டமும் போட்டுவிட்டார். பிறகு அட்டையைத் தூக்கி வெளியே பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். தாளைத் திருப்பிப் போட்டார். அப்புறம் அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. நாக்கு நுனி வெளியே வந்துவிட்டது. இடைவேளை மணி அடித்ததுகூட அவர் காதில் விழவில்லை. நான் அவசர அவசரமாக என் மலையை மறுபடி வரைந்து முடித்தேன். முதல் படத்தின் அழகு அதில் இல்லை என்றாலும் மிஸ் அதைப் போட்டிக்கு அனுப்ப இரண்டு அட்டைக்கு நடுவே வைத்துக் கட்டினார். எனக்கு மூச்சு வந்தது.

கிளம்பும்போது மாமா தலையைச் சொறிந்தார். "மிஸ், இந்தத் தாள நான் எடுத்துக்கிட்டுப் போகலாமாங்க?"

"உங்கட படம்தானே. கொண்டு போங்கோ."

பதுளையில் எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. சாயப் பெட்டியைத் தட்டிக்கொண்டு போன படத்தில் இரண்டு மலையும் நடுவே சூரியனும் இருந்தனவாம். மாமா சும்மா விடுவாரா? "நான் அப்பவே சொன்னேன்ல!" என்று லயம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். இரண்டு நாள் நான் அவரோடு பேசவில்லை.

அதைவிடப் பெரிய கோபம் எனக்கு வேறொன்றில். தான் வரைந்த தாளைச் சோற்றுப் பசை தடவி எங்கள் லயத்து அறையான காம்பராவின் சுவரில் ஒட்டியிருந்தார். கோணல்மாணலான படம். குச்சி குச்சியாக ஒரு மலை, அதில் குனிந்து நிற்கிற நாலு ஆள். வீட்டுக்கு வருகிறவர்கள் அதன் முன்னால் நின்று, "யாரு வரஞ்சது இது?" என்பார்கள்.

"பிள்ள வரஞ்சது" என்பார் மாமா.

எனக்கு மானம் போய்விடும். "பொய்! நான் இவ்ளோ கேவலமா வரைய மாட்டேன்!" என்று கத்துவேன். மாமா கண்டுகொள்ள மாட்டார். தேத்தண்ணியை வைத்துக்கொண்டு, வந்தவரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். "நம்ம ஏழாம் நம்பர் மல மாதிரியே இருக்கே" என்று அவர்கள் சொன்னால், "அப்படியா?" என்று இன்னொருமுறை சொல்லவைப்பார். வரைந்தது தான்தான் என்று சொல்ல ஒரு மனுஷனுக்கு அப்படி என்ன வெட்கம் என்று அன்றைக்கு எனக்குப் புரியவில்லை. என் பேரைக் கெடுக்கிறார் என்றுதான் நினைத்தேன்.