கீரைப்பாத்தி வலையில் சாரை

காலை ஆறேகால் மணிக்குக் கொல்லைக் கதவைத் திறந்தேன். கோழி கிளறாமலிருக்கக் கீரைப்பாத்தியின் மேல் விரித்திருந்த நைலான் வலையில் ஒரு சாரைப்பாம்பு சிக்கிக் கிடந்தது. எண்பதுகளின் தொடக்கத்தில் திருநகரில் வீடு கட்டிக் குடிபோன புதிது. பாம்பென்றால் எனக்கு உள்ளங்கை வியர்த்துவிடும். நான் வேலை பார்த்த பத்திரிகையிலேயே பாம்புப் படம் வந்தால் அந்தப் பக்கத்தைப் படிக்காமல் மடித்துவைப்பேன்.

நான் போட்ட சத்தத்தில் மனைவி ஓடிவந்தாள். பக்கத்து வீட்டுக்காரர் கம்போடு வந்தார்.

“சாரைதாண்ணே, விஷமில்ல. ஒரே போடு, சோலி முடிஞ்சிரும்” என்றார்.

கம்பை ஓங்கியதும் பாம்பு வேலியை நோக்கிப் பாய்ந்தது. வலை இறுகி, நூல் அறுத்த இடத்தில் ரத்தம் கசிந்தது. மறுபடியும் வேலிப் பக்கமே பாய்ந்தது. பாம்பு ஆளைத் துரத்தும் என்றுதான் அதுவரை நம்பியிருந்தேன். இது எங்களிடமிருந்து தப்பினால் போதும் என்று தவித்தது.

“அடிக்காதீங்க. வலைய அறுத்து விட்டுருவோம்” என்றேன்.

“யாரு, நீங்களா? படத்தப் பாத்தாலே பேப்பர மடிக்கிற ஆளு!” என்றாள் மனைவி. ஆனாலும் கத்தரிக்கோலைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

பக்கத்து வீட்டுக்காரர் கம்பால் அதன் கழுத்தை மெல்ல அழுத்திக்கொள்ள, நான் ஒவ்வொரு நூலாக வெட்டினேன். விரல் அதன் உடம்பில் பட்டது. வழுவழுவென்று ஈரமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன், காய்ந்து, குளிர்ந்திருந்தது. மூச்சு வேகமாக ஏறி இறங்குவது விரலுக்குத் தெரிந்தது.

கடைசி நூல் அறுந்ததும் அவர் கம்பை எடுத்தார். பாம்பு என் பாதத்தை உரசிக்கொண்டு வேலிக்குள் போனது. நான் செருப்புப் போட்டிருக்கவில்லை.