உள்ளிருந்து திறக்குமா?

மகளின் கேம்ப்புக்கு ஸ்லீப்பிங் பேக் வாங்க இன்று கடைக்குப் போனேன்.

“வாட்டர் ப்ரூஃபுங்க. குளிரே தெரியாதுங்க,” என்றார் கடைக்காரர்.

“உள்ள இருந்து திறக்க முடியுமுங்களா?” என்றேன். ஒரு மாதிரிப் பார்த்தார்.

அவருக்கு என் கதை தெரியாது.

தொண்ணூறுகளில் காலேஜ் கேம்ப். மண்ணரைப் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் நிட்டிங் மெஷின் ஓட்டிய என் அண்ணன் பனியன் துணி கொடுத்துவிட்டார். மெஷினிலிருந்து குழாயாகவே இறங்குகிற துணி. அடியில் முடிச்சுப் போட்டு உள்ளே நுழைந்துவிட்டால் குளிர் அண்டாது. கொசுவுக்குப் பயந்து, தலைக்கு மேலும் ஒரு முடிச்சுப் போடச் சொன்னேன், நண்பன் சேகரிடம்.

காலையில் விசில் அடித்ததும் என்னை மறந்துவிட்டு அவன் ஓடிவிட்டான். பனியில் முடிச்சு இறுகியிருந்தது. துணியோடு தத்தித் தத்திப் போய் வரிசையில் நின்றேன்.

“ஏப்பா சேகரு, இந்த மூட்டைய எதுக்கு இங்க கொண்டாந்து வெச்சே?” என்றார் வாத்தியார்.

“பிரசன்ட் சார்,” என்றது மூட்டை.

கதையைச் சொன்னதும் கடைக்காரர் சிரித்தார். “தாராளமாத் திறக்கலாமுங்க. நீங்களே உள்ள போய்ப் பாருங்க.”

போனேன். ஜிப் சிக்கிக்கொண்டது. அவர் ஜிப்பில் தடவத் தேங்காய் எண்ணெய் வாங்கப் போயிருக்கிறார்.

கேம்ப்பில் சௌகரியமாகத் தூங்க உங்களிடம் யோசனை இருந்தால் கீழே எழுதுங்கள். படிக்க எனக்கு இப்போது நிறைய நேரம் இருக்கிறது.