ஓடுபாதையில் ஒரு வரவேற்பு வளைவு

காற்றுப்பையின் கிழிசலை அஞ்சலாட்சிதான் தைப்பாள். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கடற்காற்று அதை வாயோடு கிழித்துவிடும். அவள் பழைய வேட்டித் துணியை ஒட்டுப்போட்டு, இரும்பு வளையத்தோடு சேர்த்துச் சணலால் இறுக்கிக் கொடுப்பாள். கம்பத்தில் ஏற்றுவது மட்டும் புருஷன் பலராமன். ஊசி பிடிக்கச் சொன்னால் பிடிக்க மாட்டார். வெள்ளைக்காரன் எழுதிக் கொடுத்த வேலைக் காகிதத்தில் மாடு விரட்டுவது, புல் செதுக்குவது, பை ஏற்றுவது, பதிவேடு எழுதுவது என்று நான்கு வேலைகள்தான் இருந்தன. தைத்தால் ஐந்தாகிவிடும்.

“பை எதுக்குங்க?” என்று கல்யாணமான புதிதில் கேட்டிருக்கிறாள்.

“பிளேன்ல வர்றவனுக்குக் காத்து எந்தப் பக்கம்னு தெரியணும் இல்ல.”

“வர்றவன் யாரு?”

அதற்கு அவர் பதில் வைத்திருந்தார், அப்போது. பிரெஞ்சுக்காரன் இருந்தவரை வருஷத்துக்கு நாலு தடவையாவது காலாப்பட்டுச் சாலையோரத்து அந்தத் திடலில் ஏதாவது ஒரு சின்ன விமானம் வந்து இறங்கும். தொப்பி போட்ட ஒருவன் இறங்கி, பலராமனின் சலாமை வாங்கிக்கொண்டு, காரில் ஏறிப் போவான். ஐம்பத்து நாலில் கொடி மாறியது. தொப்பிக்காரர்கள் கப்பலேறினார்கள். பலராமனை மட்டும் யாரும் போகவும் சொல்லவில்லை, இருக்கவும் சொல்லவில்லை. அவர் காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு, விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, தினமும் மாலை பதிவேட்டைத் திறந்து ‘ரியேன்’ என்று பிரெஞ்சில் எழுதினார். ஒன்றுமில்லை என்று அர்த்தம். மூன்று வருஷத்தில் ஆயிரம் ‘ரியேன்’ இருக்கும். ஒரு நாள்கூட மறுநாளைக்குச் சேர்த்து முன்கூட்டி எழுதியதில்லை. பொய்யாகிவிடுமாம்.

திடலின் ஓரத்தில் அவர்களுக்கு இரண்டு அறை வீடு. பின்னால் ஒரு கிணறு. இறைத்த தண்ணீரில் பருப்புப் போட்டால் குழைந்துவிடும், அத்தனை நல்ல தண்ணீர். அஞ்சலாட்சிக்கு விமானத்தைப் பற்றி ஒரு கவலையும் கிடையாது. இந்த வேலை போனால் வீடு போகும், வீடு போனால் முதலியார்பேட்டையில் நாத்தனார் தனக்கொடி வீட்டுக்குத்தான் போக வேண்டும் என்பதுதான் அவள் கவலை. கல்யாணமாகி முதல் இரண்டு வருஷம் அங்கே இருந்தவள், திடலுக்கு வந்ததே விமானம் வருவது நின்ற பிறகுதான். ஒரே அறையில் ஏழு பேர். தனக்கொடி தூக்கத்திலும் பேசுவாள். அதுவும் குறைதான் சொல்வாள்.

திடலைக் காப்பாற்றச் சொல்லி பலராமன் மனுமேல் மனு எழுதினார். எல்லாம் பிரெஞ்சில். பதில்கள் இங்கிலீஷில் வந்தன. அவர் எழுதியது ஆபீசில் யாருக்கும் புரியவில்லை, அவர்கள் எழுதியது அவருக்குப் புரியவில்லை. ஆனாலும் பதில் வந்ததே மரியாதை என்று ஒவ்வொன்றையும் தகரப் பெட்டியில் அடுக்கி வைத்தார். ஐம்பத்தெட்டு தை மாதம் வந்த கடிதத்தில் சிவப்பு மையில் கோடு போட்டிருந்தது. அதை ஆபீஸ் குமாஸ்தா சக்கரபாணியிடம் கொண்டுபோய்க் காட்டினார்.

சக்கரபாணி வெற்றிலையை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு படித்தார். “மூணு மாசம் டயம் குடுத்திருக்காங்க பலராமா. அதுக்குள்ள ஒரு பிளேனாவது வந்து எறங்கணும். எறங்கலைன்னா எடம் மாட்டுச் சந்தைக்கு.”

“மாட்டுக்கா?”

“இத்தினி வருஷமா மாட்டைத்தான வெரட்டுற. இனிமே கூப்பிட்டு உக்கார வையி.”

அன்று ராத்திரி பலராமன் சாப்பிடவில்லை. அஞ்சலாட்சி சாப்பிட்டாள். சாப்பிட்டால்தான் அவளுக்கு யோசனை ஓடும். மறுநாள் முருங்கைக்கீரை ஒரு கட்டு, கோழிமுட்டை பத்து எடுத்துக்கொண்டு முதலியார்பேட்டையில் அரிசி மண்டிக்காரர் வீட்டுக்குப் போனாள். அந்த வீட்டுச் செல்வாம்பாளின் மகன் ஜானகிராமன் மெட்ராசில் விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டிருந்தான்.

“ஒங்க மவனை ஒரே ஒரு தபா நம்ம திடல்ல எறங்கச் சொல்லுங்கம்மா. எறங்கிட்டு ஒடனே போனாலும் சரி.”

செல்வாம்பாள் கீரையை ஆராய்ந்தாள். “பஸ்ல வாடான்னா டயம் இல்லைங்கறான். ஆறு மாசமாச்சு அவன் மொகத்தைப் பாத்து. பிளேன்ல வந்தா எத்தினி நாழி?”

“ஒரு மணி நேரம்னு இவரு சொல்றாரு.”

“அப்ப சோறு ஆறாது,” என்றாள் செல்வாம்பாள்.

கடிதம் போயிற்று. பதிலும் வந்தது. பங்குனி மூன்றாவது ஞாயிறு காலை பத்து மணிக்கு வருகிறேன், திடலில் ஆடு மாடு இல்லாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லவும் என்று ஜானகிராமன் எழுதியிருந்தான். பலராமன் அதை வாங்கி நாலு முறை படித்தார். விமானம் இறங்குவதை ஆபீசர் சுப்பிரமணியன் கண்ணால் பார்க்க வேண்டும் என்பது சட்டம். ஆகவே ஞாயிறு விடிந்ததும் அக்கம்பக்கத்து மாடுகளையெல்லாம் ஏரிக்கரைக்கு ஓட்டிவிட்டு, ஆபீசரை அழைத்துவர சைக்கிளில் டவுனுக்குப் போனார்.

அவர் போன அரைமணியில் மூன்று கட்டை வண்டிகள் வந்தன. ஒன்றில் செல்வாம்பாளும் ஆரத்தித் தட்டும் இட்லி அண்டாவும். இன்னொன்றில் மேளம், நாயனம். மூன்றாவதில் பந்தல் போடும் அம்மாவாசை, மூங்கில், குலை தள்ளிய வாழைமரம் இரண்டு, ஜிகினாத் தாளில் ‘வருக வருக’ என்று ஒட்டிய ஒரு பலகை.

“எடம் எங்கம்மா?” என்று கேட்டார் அம்மாவாசை.

அஞ்சலாட்சி யோசித்தாள். வளைவை எப்போதும் வாசலில்தான் கட்டுவார்கள். திடலுக்கு வாசல் எது? ஒரு கோடியில், பாதையின் இரண்டு பக்கமும் இரண்டு வெள்ளைக் கல் நட்டிருந்தது. பிளேன் அதற்கு நடுவில்தான் வந்து சேரும் என்று புருஷன் பலமுறை சொல்லக் கேட்டிருக்கிறாள். கையை நீட்டிக் காட்டினாள்.

“அங்க. வெள்ளைக் கல்லுக்கு நடுவுல.”

“எத்தினி அகலம் வைக்கட்டும்?”

“கார் போற அளவு வையேன்.”

அம்மாவாசைக்கு ஒரு சந்தேகம். “ரெக்கை இருக்குமேம்மா.”

இதற்குச் செல்வாம்பாள் பதில் சொன்னாள். “எறங்கினா காக்காகூட ரெக்கையை மடக்கிக்குது. இத்தினி காசு போட்டு வாங்கினது மடக்காதா?”

எல்லோரும் ஆகாயத்தில் விமானம் பார்த்தவர்கள்தான். தரையில் கிட்டத்தில் நின்று பார்த்தவர் பலராமன் ஒருவரே, அவர் டவுனில் இருந்தார். அங்கே ஆபீசரின் ஜீப் கிளம்பவில்லை. நாலு பேர் தள்ளி, அது இருமி, பிறகு நின்று, மறுபடி இருமி வந்துசேர்வதற்குள் மணி பத்தாகிவிட்டது.

அதற்குள் ஊரே திடலில் இருந்தது. ஆடு மாடு ஒன்றுகூட இல்லை. மனிதர்களைப் பற்றிக் கடிதத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. வளைவு முன்னால் செல்வாம்பாள், அவளுக்குப் பின்னால் மேளம், அதற்குப் பின்னால் வேலையில்லாதவர்கள், அவர்களிடம் சுண்டல் விற்கிறவர்கள்.

ஜீப்பிலிருந்து குதித்த பலராமன் வளைவைப் பார்த்தார். அதே நேரம் கடல்பக்கமிருந்து சத்தம் கேட்டது.

விமானம் தாழ்ந்து வந்தது. எல்லோரும் துண்டை வீசினார்கள். அது ஒரு வட்டம் அடித்துவிட்டு மறுபடி தாழ்ந்து வந்து, ‘வருக வருக’வைக் கிட்டத்தில் படித்துவிட்டு, சட்டென்று மேலே ஏறியது. “நம்மளுக்காக வேடிக்கை காட்டறான்,” என்றார் ஒருவர். பலராமன் விசிலை ஊதிக்கொண்டு ஓடி ஒரு வாழைமரத்தைக் கட்டிப்பிடித்துப் பிடுங்கினார். அவர் ஆனந்தத்தில் ஆடுகிறார் என்று நினைத்து நாயனக்காரர் மல்லாரியை விட்டுவிட்டு வேகமான ஒன்றைப் பிடித்தார். அம்மாவாசை மரத்தின் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டு, “யோவ், வாடகை மரம்யா,” என்று கெஞ்சினார். மூன்றாவது வட்டம் அடித்த விமானம் ஒரு பக்கமாகச் சாய்ந்து, இறக்கையை ஆட்டிவிட்டு, வடக்கே மெட்ராசைப் பார்த்துப் போய்விட்டது.

மேளம் தானாக நின்றது.

“வாசல்வரைக்கும் வந்துட்டு ஒரு வாய் காப்பி குடிக்காம போறான் பாரு,” என்றாள் செல்வாம்பாள். ஆரத்தி வீணாகக் கூடாதென்று ஆபீசருக்குச் சுற்றினார்கள். மாலையும் அவர் கழுத்தில்தான் விழுந்தது. நெற்றியில் பொட்டோடு சுப்பிரமணியன் பதிவேட்டைக் கேட்டார். பலராமன் எழுதினார்: விமானம் வந்தது. இறங்கவில்லை. காரணம் வளைவு.

அஞ்சலாட்சி வீட்டுக்குள் போய் பாத்திரங்களை ஒருமுறை பார்த்தாள். எதை முதலில் மூட்டை கட்டுவது என்று மனத்துக்குள் ஒழுங்கு போட்டாள். அம்மிக்கல்லைத் தனக்கொடி வீட்டுக்குள் வைக்க இடம் கிடையாது.

ஆனால் ஒரு மாதமாகியும் மூட்டை கட்டச் சொல்லி யாரும் வரவில்லை. சக்கரபாணிதான் விஷயத்தைக் கொண்டுவந்தார்.

“மேலேர்ந்து ஒரு கேள்வி வந்திருக்கு. சர்க்கார் எடத்துல, பிளேன் எறங்கற பாதையில, வளைவு கட்ட எடம் காட்டினது யாரு? அதுக்குப் பதில் எழுதினாத்தான் ஃபைலை மூடலாம். ஃபைலை மூடினாத்தான் சந்தைக்கு எடம் போவும்.”

“பதில் தெரியலைன்னா?” என்று அஞ்சலாட்சி கதவுக்குப் பின்னாலிருந்து கேட்டாள்.

“தெரியறவரைக்கும் இப்ப இருக்கறபடியே இருக்கும். தெரிஞ்சுதுன்னா அந்த ஆளுக்கும் கேடு, எடத்துக்கும் கேடு.”

அவள் சக்கரபாணிக்கு இன்னும் ஒரு டம்ளர் மோர் கொடுத்தாள். மறுநாள் அம்மாவாசையின் பெண்சாதிக்குப் பத்து முட்டை போயிற்று. செல்வாம்பாளுக்குக் கொடுக்க ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. மகன் வந்து திரும்பிப் போனதைப் பற்றிப் பேசினாலே அவள் வேறு பேச்சுக்குத் தாவிவிடுவாள்.

பலராமனிடம் சொல்லலாமா என்று அஞ்சலாட்சி ஒரு நாள் யோசித்தாள், ஒரே ஒரு நாள். சொன்னால் அந்த மனுஷன் அன்று மாலையே பதிவேட்டில் எழுதிவிடுவார். தேதி, நேரம், பெண்டாட்டி பேர், பெண்டாட்டி அப்பா பேர் எல்லாம் போட்டு.

பலராமனோ குற்றவாளியைத் தேடத் தொடங்கினார். திடலின் காவல்காரன் என்ற முறையில் அது தன் கடமை என்றார். அம்மாவாசையைக் கேட்டார். “யாரோ ஒரு அம்மா கையைக் காட்டினாங்க. வெயிலு, மொகம் தெரியல,” என்றார் அம்மாவாசை. நாயனக்காரரை வீராம்பட்டினத்துத் தேர்த்திருவிழாவில் மடக்கிக் கேட்டார். சுண்டல் விற்றவனை நாலு மாதம் தேடினார். சாப்பிடும்போது சந்தேகங்களை ஒவ்வொன்றாக அஞ்சலாட்சியிடம் சொல்வார்.

“சந்தைக்கு எடம் கேக்கறவனே ஆள் வெச்சுக் கட்டியிருப்பானோ?”

“இருக்கும், ரசம் ஊத்தட்டுமா?”

“நீ அன்னிக்கு இங்கதான இருந்த. யாரையாவது பாத்தியா?”

“இட்லி அண்டாவைப் பாத்தேன்,” என்பாள் அவள். அது பொய்யில்லை.

சுப்பிரமணியன் மாற்றலாகிப் போனார். அடுத்து வந்தவர் அதே கேள்வியைக் கேட்டுவிட்டுப் போனார். அதற்கடுத்தவர் கேட்கவே இல்லை, ஆறு மாதத்தில் அவரும் போனார். காற்றுப்பை ஏறி இறங்கியது. மாடுகள் வந்தன, விரட்டப்பட்டன. பதிவேட்டில் ‘ரியேன்’ நிரம்பி இரண்டாவது பதிவேடு வந்தது. அறுபத்திரண்டு ஆவணியில் ஊர் முழுக்கச் சட்டப்படி கைமாறியது என்று டவுனில் கொடியேற்றினார்கள். பழைய ஃபைல்களையெல்லாம் மூடச் சொல்லி உத்தரவாம். ஒரு சின்ன வயசு ஆபீசர், கண்ணாடி போட்டவர், நேரே திடல் வீட்டுக்கே வந்து உட்கார்ந்தார்.

பலராமன் தன் விசாரணையை ஆதியோடு அந்தமாகச் சொன்னார். அரைமணி ஆயிற்று. ஆபீசர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, காபி கொண்டுவந்த அஞ்சலாட்சியைப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் அவளைக் கேட்ட முதல் ஆபீசர் அவர்.

“ஏம்மா, அன்னிக்கு நீங்க வீட்ல இருந்தீங்கல்ல. எடம் காட்டினது யாருன்னு ஒங்களுக்குத் தெரியுமா?”

“காப்பி ஆறிடும் சார்,” என்றாள் அஞ்சலாட்சி.

ஆபீசர் குடித்தார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவளையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஃபைலில், ‘மேலும் விசாரிக்க வேண்டியது’ என்று எழுதி, அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஜீப்புக்குப் போனார்.

ஜீப் போன சத்தம் அடங்கியது. பலராமன் நாற்காலியிலேயே இருந்தார். கையில் பதிவேடு, காதில் பேனா. நாலு வருஷமாகத் திடல் முழுக்கத் தேடிய மனுஷன் இப்போதுதான் வீட்டுக்குள் பார்க்கிறவர்போல அவளைப் பார்த்தார்.

“அஞ்சலா,” என்றார். “அது நீயா?”

அவள் கையிலெடுத்த காலி டம்ளரை மறுபடி கீழே வைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்தாள். இவ்வளவு நேராகக் கேட்டபிறகு என்ன செய்வது என்று வாயைத் திறந்தாள்.

பலராமன் சட்டென்று எழுந்தார். பேனாவைக் காதிலிருந்து எடுத்துப் பெட்டிமேல் வைத்தார். “கெழக்கால மாடு எறங்குது போலக்கீது,” என்று சொல்லிவிட்டு, பதில் வருவதற்குள் அறையைவிட்டு வெளியே போனார்.